அறுபதில் ஓடிய மானிட்டர்

ரோஸ்மேரிக்குக் கண்ணில்தான் கோளாறு என்று கம்பெனியில் எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். முதலாளி குமாரசாமி சொன்னார், நிட்டிங் மாஸ்டர் சுப்பண்ணன் சொன்னார், செக்கிங் டேபிளில் நிற்கிற அவள் அம்மாவே சொன்னாள். சொல்லாத ஒரே ஆள் கண் டாக்டர். அவர் சுவரில் மாட்டிய எழுத்துகளைக் கடைசி வரி வரைக்கும் படிக்கவைத்தார், டார்ச் அடித்துப் பார்த்தார், "உனக்கு எதுக்கும்மா கண்ணாடி, போய்ட்டு வா" என்று அனுப்பிவிட்டார். அந்தச் சீட்டைக் கொண்டுவந்து நீட்டினால் முதலாளி அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "வேற நல்ல டாக்டராப் பாரு அம்மிணி" என்றார்.

கோளாறு கண்ணில் இல்லை, மானிட்டரில் என்று மூன்று மாதமாக அவள் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்திக்கொண்டிருக்கிறாள். கேட்க நாதி இல்லை.

நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் குமாரசாமிக்கு எட்டு நிட்டிங் மெஷின். கோடு போட்ட பனியன் துணி ஓட்டுவதில் அவருக்கு நல்ல பேர். நேவி நாலு வரிசை, வெள்ளை ரெண்டு, சிவப்பு ஒன்று, மறுபடி வெள்ளை ரெண்டு என்று முதலில் கம்ப்யூட்டரில் கோடு கோடாகப் போட்டு, எண்ணிச் சரிபார்த்து, பிரிண்ட் எடுத்துக் கொடுக்கவேண்டும். அந்தத் தாளைப் பார்த்துத்தான் சுப்பண்ணன் எந்த இடத்தில் எந்தக் கலர் நூல் என்று கோன் மாட்டுவார். தாளில் ஒரு கோடு பிசகினால் துணி முழுக்கப் பிசகும். கோடு போடுகிற அந்த நாற்காலியில்தான் ரோஸ்மேரி உட்கார்ந்திருந்தாள்.

நாற்காலி ஒன்றும் சும்மா கிடைக்கவில்லை. நாசரேத்திலிருந்து அம்மாவோடு பஸ் ஏறி வந்த நாளிலிருந்து மூன்று வருஷம் செக்கிங் டேபிளில் நின்றவள் அவள். காலையில் நின்றால் இருட்டின பிறகுதான் முட்டி மடங்கும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகாமல் டவுனில் ராயபுரத்துக் கம்ப்யூட்டர் கிளாஸுக்குப் போய், அதற்காகப் பாஸ்டரிடம் ஏச்சு வாங்கி, அம்மாவிடம் அதைவிட ஏச்சு வாங்கி, ஒரு வருஷம் படித்து முடித்த பிறகு கிடைத்த நாற்காலி. உட்கார்ந்து வேலை செய்கிற முதல் ஆள் அவர்கள் குடும்பத்தில் அவள்தான்.

முதல் ஐந்து மாதம் ஒரு தொல்லையும் இல்லை. ஐப்பசி மழையில் ஒரு நாள் இடி விழுந்ததில் கம்ப்யூட்டருக்குள் படம் காட்டுகிற பகுதி கருகிப்போனது. குமாரசாமி கோயமுத்தூரில் ஒரு கடையில் பழைய கார்டு ஒன்றை வாங்கிவந்து மாட்டச் சொன்னார். மாட்டினார்கள், படம் வந்தது. "படம் வருதில்ல, அப்புறம் என்ன?" என்று அவர் கையைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்.

படம் வந்ததுதான். ஆனால் நடுங்கியது. நேராகப் பார்த்தால் பாதிப் பேருக்குத் தெரியக்கூடத் தெரியாது. பக்கத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டு ஓரக்கண்ணால் கவனித்தால் திரை படபடவென்று துடிப்பது தெரியும். அதிலும் வெள்ளைத் திரையில் மெல்லிசு மெல்லிசாகக் கோடுகள் என்றால் சொல்லவே வேண்டாம், கோடெல்லாம் ஊர்ந்து போகும். காலை பதினோரு மணிக்குப் புருவத்துக்கு நடுவே வலி பிடிக்க ஆரம்பிக்கும். மூன்று மணிக்கு வயிற்றைப் புரட்டும். சாயங்காலம் பஸ்ஸில் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு வீடு போய்ச் சேருவாள். அம்மா ஜெபம் பண்ணின எண்ணெயை எடுத்து நெற்றியில் தேய்த்துவிட்டு, "ஏட்டி, கண்ணாடி போட்டாத்தான் என்ன, மூக்கா தேஞ்சு போயிரும்?" என்பாள். ரோஸ்மேரி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

சர்வீஸுக்கு வருகிற முருகவேல் ஒருத்தன்தான் விஷயம் தெரிந்தவன். அவன் சொன்னான்: மாற்றி மாட்டின கார்டுக்கு உண்டான டிரைவர் புரோகிராமைப் போடவில்லை, அதனால் விண்டோஸ் தன்னிடம் இருக்கிற பொதுவான ஒன்றை வைத்து ஓட்டுகிறது, அது விநாடிக்கு அறுபது தடவைதான் திரையை வரையும், எழுபத்தைந்தோ எண்பத்தைந்தோ வைத்தால் நடுக்கம் நின்றுவிடும். எல்லாம் தெரிந்தவன் எதையும் செய்யவில்லை. அவனுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று. "ஃபார்மட் பண்ணீரலாங்க" என்பான். பண்ணினால் உள்ளே இருக்கிற டிசைன் எல்லாம் போய்விடும் என்றால், "ஆமாங்க, போயிரும்" என்று ஒத்துக்கொள்வான். அவனிடம் என்னத்தைப் பேச.

இப்படி ஓடிக்கொண்டிருந்ததில்தான் போன வாரம் அந்தத் தப்பு நடந்தது. இரண்டு வெள்ளைக் கோடு வரவேண்டிய இடத்தில் ரோஸ்மேரி ஒன்று போட்டுவிட்டாள். மூன்று தடவை எண்ணினாள். மூன்று தடவையும் கண்ணுக்கு இரண்டாகத்தான் தெரிந்தது. துணி ரோல் ரோலாக ஓடி முடிந்த பிறகு செக்கிங்கில் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்தது அவள் அம்மா. பாவம், தாள் போட்டது மகள் என்பதை அந்த நேரத்தில் யோசிக்காமல் சத்தமாகச் சொல்லிவிட்டாள்.

திங்கட்கிழமை காலையில் குமாரசாமி மாடியில் கம்ப்யூட்டர் இருக்கிற கண்ணாடி அறைக்குள் வந்தார். அவர் குரலை உயர்த்துகிற ஆள் இல்லை. உயர்த்தினாலாவது திருப்பி நாலு வார்த்தை பேசலாம்.

"அம்மிணி, பதினாலு கோடு டிசைன் ஒண்ணு வருது. சனிக்கெழம சாம்பிள் துணி ஓடோணும். அதை நீ போடு. அதுலயும் பெசகுச்சுன்னா திங்கக்கெழமயிலிருந்து நீ அம்மாவோடயே நின்னுக்கோ. செக்கிங்ல அந்த அபிராமிப் புள்ளயும் கம்ப்யூட்டர் படிச்சிருக்குதாமா, அத உக்கார வெச்சுக்கறேன். உன்னையக் கொற சொல்லல. கண்ணு முடியலீன்னா முடியல, என்ன பண்றது?"

"சார், கண்ணு நல்லாத்தான் சார் இருக்கு. மானிட்டரு ஆடுதுன்னு எத்தன வாட்டி சொல்லுதேன்."

குமாரசாமி மானிட்டருக்கு நேராகக் குனிந்து, மூக்கு திரையில் இடிக்கிற மாதிரி உற்றுப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் ஆடலியே" என்றார். போய்விட்டார்.

அவளுக்கு மண்டை கொதித்தது. உடனே முருகவேலுக்குப் போன் போட்டாள். அவன் நிதானமாக, "அந்தக் கார்டோட ஒரு சிடி வந்திருக்குமேங்க, அது இருந்தா அஞ்சு நிமிஷ வேலை" என்றான். மூன்று மாதமாக இதைச் சொல்லாமல் எங்கே போயிருந்தாய் என்று கேட்கவேண்டும் போல இருந்தது. கேட்டால் வரமாட்டான் என்று வாயை மூடிக்கொண்டாள்.

சிடியைத் தேடினாள். அலமாரியில் இல்லை, மேஜை டிராயரில் இல்லை, பழைய தாள்கட்டுகளுக்கு அடியில் இல்லை. கடைசியில் நிட்டிங் ஹாலில் போய்ச் சுப்பண்ணனைக் கேட்டாள். அவர் காதில் அடைத்திருந்த பஞ்சை எடுத்துவிட்டு, "வட்டமா, பளபளன்னு இருக்குமே, அதா?" என்றார்.

"அதேதான் மாஸ்டர். எங்க இருக்கு?"

"வா, காட்டறேன்."

அவர் நேராக வாசலுக்கு அழைத்துக்கொண்டு போனார். அங்கே அவருடைய டிவிஎஸ் நின்றது. பின்பக்கம், நம்பர் பிளேட்டுக்கு மேலே, சிடி நட்டுப் போட்டு முடுக்கியிருந்தது. கம்பி கட்ட வாகாகக் கீழே இன்னொரு ஓட்டை வேறு போட்டிருந்தார். "ராத்திரி போறப்ப லாரிக்காரனுக்குப் பளிச்சுன்னு தெரியோணுமில்ல" என்றார். ரோஸ்மேரி கழற்றி, துப்பட்டாவில் துடைத்து, தூக்கிப் பார்த்தாள். ரோட்டுக் கல் பட்டுப் பட்டு முகமெல்லாம் கீறல். ஓட்டை வழியே வெயில் வந்தது. அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். "அப்ப வேண்டாமா? மறுபடி மாட்டிக்கட்டுமா?" என்று சுப்பண்ணன் கேட்டார். அவருக்கு அதுதான் கவலை.

மறுநாள் மத்தியானத்துக்கு மேல் முருகவேல் வந்தான். கையில் ஒரு ஃபிளாப்பி. பிரவுசிங் சென்டரில் தேடி இறக்கினதாம். "இது பொதுவான டிரைவருங்க. எந்தக் கார்டா இருந்தாலும் ஓடும். ஆனா இதுக்குள்ள ஒரு ஃபைல் இருக்குது, அதுல உங்க மானிட்டர் எவ்வளவு தாங்கும்ங்கற நம்பர நாமளே அடிக்கோணும். கூடக் கொறய அடிச்சா மானிட்டர் போனாலும் போயிரும். அதுக்கு நான் பொறுப்பில்லீங்க."

"அப்ப நீங்களே அடிச்சுத் தாங்க."

அந்த நேரம் பார்த்து அவன் செல்போன் அடித்தது. "வந்துட்டேனுங், உங்க கம்பெனி கேட்டுகிட்டதான் நிக்கறேனுங்" என்று இன்னொரு கம்பெனிக்குப் புளுகிக்கொண்டே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஃபிளாப்பி மேஜைமேல் கிடந்தது.

சரி, ஆனது ஆகட்டும் என்று ரோஸ்மேரி தானே உட்கார்ந்தாள். மானிட்டர் வந்த அட்டைப்பெட்டி பரண்மேல் கிடந்தது. அதற்குள் ஒரு மெல்லிய புத்தகம் இருந்தது. எட்டு பாஷையில் எழுதியிருந்தான், தமிழ் மட்டும் இல்லை. இங்கிலீஷ் பக்கத்தைக் கண்டுபிடித்து, விரலை வைத்து வரி வரியாகப் படித்தாள். கிடைமட்டத்துக்கு முப்பதிலிருந்து எழுபது. செங்குத்துக்கு ஐம்பதிலிருந்து நூற்றிருபது. ஃபிளாப்பியில் இருந்த டிரைவரை ஏற்றினாள். அந்த ஃபைலைத் திறந்து நான்கு எண்ணையும் அடித்தாள். அடித்ததை நாலு தடவை சரிபார்த்தாள். கர்த்தாவே என்று சொல்லிக்கொண்டு கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள்.

வந்தது. செட்டிங்ஸுக்குள் போய்ப் பார்த்தால், மூன்று மாதமாக அறுபது என்று ஒற்றை எண் நின்ற இடத்தில் இப்போது ஒரு பட்டியலே நின்றது. அறுபது, எழுபது, எழுபத்தைந்து, எண்பத்தைந்து, நூறு. ஆசை யாரை விட்டது, நூறை அமுக்கினாள். திரை செத்துப்போனது. ஒரே கறுப்பு. முதலாளியிடம் என்ன சொல்ல, அம்மாவிடம் என்ன சொல்ல, இன்றைக்கே மூட்டையைக் கட்டவேண்டியதுதான் என்று அவள் நினைத்து முடிப்பதற்குள் திரை தானாகத் திரும்பி வந்துவிட்டது. பிடிக்கவில்லை என்றால் பதினைந்து விநாடியில் பழையபடி ஆகிவிடுமாம். இதை முதலிலேயே ஒரு வரி பெரிதாக எழுதிவைத்தால் என்ன கேடு.

பிறகு பயந்து பயந்து எண்பத்தைந்தை அமுக்கினாள்.

திரை நின்றது. அப்படியே நின்றது. சுவரைப் பார்த்துக்கொண்டு ஓரக்கண்ணால் பார்த்தாள், துடிப்பு இல்லை. கோடுகள் போட்ட இடத்தில் போட்டபடி இருந்தன. வெள்ளை ரெண்டு என்றால் ரெண்டு. ரோஸ்மேரிக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணில் கோளாறு இல்லை என்று தனக்குத்தானே நிரூபித்துக்கொண்டதற்காக யாராவது அழுவார்களா, அவள் அழுதாள். கரண்ட் போய் வந்தால் எண் மாறிவிடுமோ என்று, எங்கே போய் எதை அமுக்கி எண்பத்தைந்து வைக்கவேண்டும் என்பதை ஒரு தாளில் வரிசையாக எழுதி, மானிட்டர் ஓரத்தில் செல்லோடேப் போட்டு ஒட்டினாள்.

புதன்கிழமை காலையில் வந்து போட்டால் திரை நடுங்கியது. போய்ப் பார்த்தாள். அறுபது.

சரி, முதல் நாள், அப்படித்தான் இருக்கும் என்று மறுபடி எண்பத்தைந்து வைத்தாள். மத்தியானம் வரை நன்றாக ஓடியது. பதினாலு கோட்டில் ஐந்து முடிந்தது. கீழே போய் அம்மாவோடு சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் மறுபடி அறுபது. கரண்ட் போகவில்லை, கம்ப்யூட்டர் அணையவும் இல்லை. பிறகு எப்படி மாறும்? முருகவேலுக்குப் போன் போட்டாள். "வைரஸா இருக்குமுங்க. ஃபார்மட்..." என்று ஆரம்பித்தான். போனை வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை காலையிலும் அறுபது. ரோஸ்மேரிக்கு இப்போது தன்மேலேயே சந்தேகம் வந்தது. எண்ணைத் தப்பாக அடித்துத் தொலைத்தோமா, மானிட்டர் தாங்காமல் தானாக இறங்கிக்கொள்கிறதா, இப்படியே போனால் ஒரு நாள் பட்டென்று வெடித்துவிடுமா? இன்னும் இரண்டு நாள்தான் இருக்கிறது. வேலையை நம்பிச் செய்யவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. அன்றைக்கு மத்தியானம் அவள் கீழே போகவில்லை. டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு, அலமாரிக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு, மானிட்டரையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டாள். எப்போது மாறுகிறது என்று இன்றைக்குப் பார்த்துவிடுவது.

ஒன்றேகாலுக்குக் குமாரசாமி வந்தார். மத்தியானமும் சாயங்காலமும் மெயில் பார்ப்பது அவர் வழக்கம். அலமாரி மறைவில் இருந்தவளைக் கவனிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார், மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார், மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருந்த தாளில் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்து, ஒவ்வொன்றாக அமுக்கினார். அவள் எழுதிய தாள். அவள் கையெழுத்து. கடைசியில் எண்பத்தைந்தை அறுபதாக்கிவிட்டு, "அவ்வளவுதான்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

ரோஸ்மேரி ஸ்டூலிலிருந்து எழுந்தாள். "நீங்கதானா சார்?" என்றாள்.

குமாரசாமி திரும்பிப் பார்த்தார். திருட்டு முழியெல்லாம் இல்லை, முகத்தில் பெருமைதான். "நாந்தான் அம்மிணி. நீ பாட்டுக்கு எண்பத்தஞ்சுல வுட்டுட்டுப் போயிர்றே. தெனமும் நாந்தான் கொறச்சு வெக்கறேன்."

"ஏன் சார் கொறச்சீங்க?"

"பின்ன? ரிப்பேர் பாத்த மெஷின எடுத்ததும் முழு ஸ்பீடுல வுடுவாங்களா? நான் பதினஞ்சு வருஷம் மெஷின் ஓட்டுனவன். நிமிஷத்துக்கு இருபத்தஞ்சு சுத்து ஓடும்னு கம்பெனிக்காரன் போட்டிருந்தாலும் இருவதுலதான் ஓட்டோணும். அப்பத்தான் ஊசி நிக்கும், பேரிங் நிக்கும். என்ற மெஷினப் பாரு, பத்து வருஷமாச்சு, ஒரு சத்தம் வருதா?"

"சார், இது சுத்துத மெஷின் இல்ல சார். இதுக்குள்ள ஊசியும் கெடையாது, பேரிங்கும் கெடையாது."

"கரண்டுல ஓடறது எல்லாமே மெஷின்தான்."

அவள் டிபன் பாக்ஸைக் கீழே வைத்தாள். "சார், ஒரே ஒரு நிமிஷம். மானிட்டரப் பாக்காதீங்க. அந்தச் சுவத்தப் பாருங்க. பாத்துக்கிட்டே ஓரக்கண்ணால திரையக் கவனிங்க."

நல்ல மனுஷர்தான், சொன்னபடி செய்தார். கழுத்தைத் திருப்பிச் சுவரில் இருந்த முருகன் காலண்டரைப் பார்த்துக்கொண்டு ஓரக்கண்ணை ஓட்டினார்.

"ஆமா அம்மிணி. ஆடத்தான் ஆடுது."

ரோஸ்மேரிக்கு மூச்சு வந்தது. மூன்று மாதத்தில் முதல் தடவையாக இன்னொரு மனுஷர் வாயால் அதைக் கேட்கிறாள். "பாத்தீங்களா சார்? அதத்தான சொல்லிட்டு இருக்கேன். இதப் பாத்துப் பாத்துத்தான் தலை வலிக்கு, கோடு ஒண்ணு ரெண்டாத் தெரியுது."

"அதுக்கென்ன? நிட்டிங் மெஷினும்தான் ஆடுது. ஆடாம எந்த மெஷின் ஓடுது?" என்றார் குமாரசாமி. "தலவலி ஆருக்கு இல்ல? எனக்குந்தான் சாயங்காலமானா மண்டயப் பொளக்குது. ஒரு மாத்திரயப் போட்டுட்டு வேலயப் பாக்கறேன். இனிமே எண்பத்தஞ்சத் தொடாதே, சொல்லிப்போட்டேன். இந்த மானிட்டர் போச்சுன்னா இப்ப வேற வாங்கற மாதிரி இல்ல."

கண் டாக்டர் சீட்டு, சுவர், ஓரக்கண், எல்லாவற்றையும் காட்டியாகிவிட்டது. அவரும் பார்த்தாகிவிட்டது. பார்த்த பிறகும் இந்தப் பதில் வந்தால் இனி முட்டிக்கொள்ளச் சுவர்தான் பாக்கி. திங்கட்கிழமை காலையில் அம்மாவுக்குப் பக்கத்தில் போய் நிற்பதை அவள் கண்ணால் பார்த்தாள். அபிராமி இந்த நாற்காலியில் உட்காருவதையும் பார்த்தாள்.

அப்போது டியூப்லைட் மங்கியது. நிட்டிங் ஹாலில் ஓடிக்கொண்டிருந்த மெஷின்களின் சத்தம் ஒரே மூச்சில் கீழே இறங்கி, முனகலாக மாறியது. குமாரசாமி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து ஓடினார். "சுப்பண்ணா, லோ வோல்டேஜு, மெயின ஆஃப் பண்ணு, எல்லாத்தயும் நிறுத்து." எட்டு மெஷினும் நின்றன. ஹாலே நிசப்தமானது. யூபிஎஸ்ஸில் இருந்த கம்ப்யூட்டர் மட்டும் தன் பாட்டுக்கு அறுபதில் நடுங்கிக்கொண்டிருந்தது.

வேர்வையைத் துடைத்துக்கொண்டு அவர் திரும்பி வந்தார். ரோஸ்மேரி கேட்டாள்: "எதுக்கு சார் நிறுத்துனீங்க? மெதுவா ஓடுனா நல்லதுதான?"

"இது மெதுவா ஓடறதில்ல அம்மிணி. வோல்டேஜு பத்தாம இழுத்துட்டு ஓடறது. அப்படி ஓடுனா மோட்டார் காயில் சூடாகிக் கருகிப்போயிரும். அரை மணி நேரம் போதும், மோட்டாரே காலி."

ரோஸ்மேரி அவரையே பார்த்தாள். பொய் சொல்லக்கூடாது என்று நாசரேத்தில் ஞாயிறு பள்ளியில் படித்தவள்தான், பரிசுகூட வாங்கியிருக்கிறாள். ஆனாலும் வாய் தானாகத் திறந்தது.

"சார், மானிட்டருக்குள்ளயும் காயில் இருக்கு."

"என்ன?"

"பெரிய காயில் சார், படக்குழாய் கழுத்துல சுத்தியிருக்கும். முருகவேலக் கேளுங்க. இந்தக் காயிலுக்கு எண்பத்தஞ்சுதான் முழு ஓட்டம். அறுபதுல போட்டா இழுத்துட்டு ஓடும். அதான் அப்படித் திணறி ஆடுது."

காயில் இருப்பது நிஜம். மற்றது அத்தனையும் புளுகு.

குமாரசாமியின் முகம் மாறியது. போய் மானிட்டரின் தலையில் கையை வைத்துப் பார்த்தார். எந்த மானிட்டர்தான் சுடாது? வெடுக்கென்று கையை எடுத்தார். "ஐயோ, கொதிக்குதே" என்றார். "அப்ப மூணு மாசமா அறுபதுலயா ஓடிட்டிருந்துது?"

"ஆமா சார்."

"மொதல்லயே சொல்லித் தொலையறதுக்கு என்ன உனக்கு? வாயில என்ன கொழுக்கட்டயா?"

அவர் தானே உட்கார்ந்தார். தாளில் விரலைக்கூட வைக்கவில்லை, வழி மனப்பாடம். தடதடவென்று அமுக்கி எண்பத்தைந்து வைத்தார். வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து, ஓரக்கண்ணால் சரிபார்த்து, "இப்ப ஆடல" என்று பெருமூச்சு விட்டார். அப்புறம் வாசலில் நின்று சுப்பண்ணனைக் கூப்பிட்டு, இந்தக் கம்ப்யூட்டரை இனிமேல் ஒருத்தரும் அறுபதில் ஓட்டக்கூடாது என்று சத்தம் போட்டார். சுப்பண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை, இருந்தாலும் தலையை ஆட்டினார்.

ரோஸ்மேரிக்கு அப்பாடா என்றிருந்தது. அடுத்த நிமிஷமே வயிறு எரிந்தது. மூன்று மாதம் அவள் தலை பிளந்தது, வாந்தி எடுத்தாள், டாக்டர் சீட்டை நீட்டினாள், அதற்கெல்லாம் அசையாத மனுஷர் ஒரு காயிலுக்கு இரண்டு நிமிஷத்தில் அசைந்துவிட்டார். இவ்வளவு லேசாக முடிகிற காரியமா இது? முன்னாலேயே புளுகியிருக்கலாம். புளுகத் தெரியாமல் மூன்று மாதம் உண்மையைச் சொல்லிக்கொண்டு திரிந்தோமே என்று தன்மேல்தான் அவளுக்கு அதிகக் கோபம் வந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் பதினாலு கோடும் முடிந்தது. சனிக்கிழமை சாம்பிள் துணி ஓடியது. செக்கிங் டேபிளில் விரித்துப்போட்டு அவள் அம்மா ஒரு கோடு விடாமல் எண்ணினாள், அபிராமியும் எண்ணினாள், இரண்டு பேர் கணக்கும் தாளோடு ஒத்துப்போனது. குமாரசாமி துணியைத் தடவிப் பார்த்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ரோஸ்மேரியின் அம்மாவிடம் சொன்னார்: "பாத்தீங்களா? சனிக்கெழமன்னு ஒரு கெடு வெச்சேன், உங்க புள்ளயோட தலவலி எங்கியோ ஓடிப்போச்சு. பயம் இருந்தா நோவு நிக்காதுங்க."

"நல்லாச் சொன்னீங்க மொதலாளி" என்றாள் அம்மா. ரோஸ்மேரி பல்லைக் கடித்துக்கொண்டு துணியை மடித்தாள்.

திங்கட்கிழமை அவள் வந்து கண்ணாடி அறைக் கதவைத் திறந்தபோது உள்ளே ஒரு புது டேபிள் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. மாசி வெயில் அப்போதே ஏறியிருந்தது. எட்டு மாதமாக அந்த அறைக்கு ஒரு ஃபேன் கேட்டுக் கேட்டு அவளுக்கு வாய் வலித்துப்போயிருந்தது. நம்ப முடியாமல் கிட்டே போய்ப் பார்த்தாள். ஃபேன் அலமாரிமேல் உட்கார்ந்து, மானிட்டரின் முதுகுக்குக் காற்றை வீசிக்கொண்டிருந்தது.

குமாரசாமி எட்டிப் பார்த்தார். "மூணு மாசம் சூடு ஏறியிருக்குதில்ல, ஆறட்டும்னுதான்."

"சார், இத்துனூண்டு இந்தப் பக்கம் திருப்பி வச்சுக்கிடட்டுமா? எனக்கும் கொஞ்சம் காத்து வரும்."

அவர் ஃபேனைப் பார்த்தார், மானிட்டரைப் பார்த்தார், உண்மையாகவே யோசித்தார். "வேண்டாம் அம்மிணி" என்றார். "காயிலுக்குப் படாமப் போயிரும்."

ரோஸ்மேரி துப்பட்டா நுனியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். திரை அசையாமல் நின்றது. நேவி நாலு, வெள்ளை ரெண்டு என்று அடுத்த தாளுக்குக் கோடு போட ஆரம்பித்தாள்.